படத்தில் கொடி தெரியவில்லை

சுற்றுநிருபம் வைபரில் வந்தது, இரவு பத்தே முக்காலுக்கு.
கொடியேற்றல். தேசிய கீதம். உறுதிமொழி.
நாட்டுக்காக உயிர்நீத்தோருக்கு இரண்டு நிமிட மௌனம்.
நாட்டுப்பற்றை வளர்க்கும் உரை, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல்.
ஒளிப்படங்கள் மூன்று, பிற்பகல் ஒரு மணிக்கு முன்.
உரை என் தலையில்.
வரலாறு படிப்பிக்கிறவள் என்றால்
ஆண்டுக்கு ஒன்பது உரை என்று அர்த்தம்.

பாசையூரில் இரும்பெல்லாம் உப்பில் கரையும்.
ரொறன்ரோவிலிருந்து பழைய மாணவர் காசனுப்பி நட்ட கம்பம்,
அடியில் அவர்களின் பெயர்ப்பலகை;
கப்பி மட்டும் பழசு.
பாதி வழியில் கொடி சிக்கிக்கொள்ள
சவிரிமுத்து சேர் கயிற்றை வலை இழுப்பதுபோல் இழுத்தார்.
சிங்கம் வாடைக்காற்றில் சுழன்று
எங்களுக்கு முதுகைக் காட்டியது.
ஆரோ சிரித்தார்கள். கேட்காதமாதிரி நின்றேன்.

பிறகு மௌனம்.
நேரம் பார்க்கிறது என் வேலை.
ஒழுங்கைக்குள் மீன்காரரின் ஹோன்,
மூன்றாம் ஆண்டில் ஒரு இருமல்,
அசையாமல் நூற்றிப்பதினான்கு வெள்ளைச் சட்டை.
நூற்றிருபதாவது நொடியில் மணியை அடித்தேன்.
கூடவுமில்லை, குறையவுமில்லை.
அதில் எனக்கொரு பெருமை.

நான்காம் பாடவேளை, ஒன்பதாம் ஆண்டு.
‘இன்றைய நிகழ்வின் முக்கியத்துவத்தை விளக்குக.’ ஐந்து புள்ளி.
ஒற்றுமைக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று,
பல்லினப் பண்பாட்டுக்கு ஒன்று,
மிச்சம் இரண்டும் எழுத்துப்பிழைக்கு.
எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள்,
போன வருடம் கரும்பலகையில் நான் எழுதிவிட்ட அதே ஒழுங்கில்.
நிலோஜன் மட்டும் மூன்று வரி:

“ரண்டு நிமிசம் காணேல்லை ரீச்சர்.
எங்கட வீட்டு ஆக்கள் பதின்மூண்டு பேர்.
அஞ்சாவது ஆளில மணி அடிச்சுப்போட்டீங்கள்.”

அந்தப் பதின்மூன்றில் ஒருவரையும் அவன் கண்டதில்லை.
எல்லாம் முடிந்த அடுத்த வருடம் பிறந்தவன்.
இரவுச் செபத்தில் தாய் சொல்லச் சொல்லப்
பாடமாக்கியிருப்பான்,
வாய்ப்பாடு மாதிரி.
புள்ளித்திட்டத்தைத் திரும்பப் பார்த்தேன்.
சிவப்புப் பேனையை மூடினேன்.

சுற்றுநிருபம் வராத நாட்களும் இருக்கின்றன.
வைகாசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று.
அன்றைக்குப் பாதிக் கதிரை வெறுமை.
வரவுப் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதுவேன்.
ஒரே நாளில் இத்தனை பேருக்கு எப்படிக் காய்ச்சல் என்று
வலயத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அதே வலயத்திலிருந்து:
மௌன அஞ்சலிப் படத்தில் கொடி தெரியவில்லை.
மீள எடுத்து அனுப்பவும்.

சாப்பாட்டுக் கோப்பை கழுவின ஈரக்கையோடு
பிள்ளைகள் திரும்ப வரிசைக்கு வந்தார்கள்.
முற்றத்து மணல் சுட்டது.
“மௌனமா நிக்கிறமாதிரி நில்லுங்கோ” என்றார் சேர்.
இரண்டாம் வரிசையிலிருந்து நிலோஜன், மெதுவாக:
“ரீச்சர், இதுவும் கணக்கோ?
ஆறாவது ஆளில இருந்து சொல்லட்டோ?”

கைத்தொலைபேசியை உயர்த்தினேன்.
முதல் படத்திலேயே கொடி விழுந்திருந்தது,
முழுதாய், வாளோடு.
“சரியா வரேல்லை, இன்னொருக்கா” என்றேன்.
பிறகு வெளிச்சம் காணாது என்றேன், உச்சி வெயிலில்.
பிறகு ஆரோ கண்ணை மூடிப்போட்டினம் என்றேன்.
மூடத்தானே வேணும் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.
சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

மூன்று கேட்டார்கள், பதினொன்று எடுத்தேன்.
பத்தாவது வரைக்கும் அவன் உதடு கலங்கலாக இருக்கிறது,
அசைந்தபடி.
பதினோராவதில் மூடியிருக்கிறது.
அதை அனுப்பினேன்,
ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க.